களிம்பும் காப்பும்

உயிரைப் பற்றிய ஆணவ மலத்தை விளக்கச் சைவ சித்தாந்த ஆசிரியர்கள் எடுத்தாளும் உவமைகளுள் இரண்டு அனைவரும் அறிந்தவை. ஒன்று நெல்லும் உமியும். மற்றொன்று செம்பும் களிம்பும். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று, செம்பு தோன்றிய அன்றே அதனோடு உடன் தோன்றியது என்பது அவர்தம் கருத்து. புளியிட்டுத் துலக்கினால் களிம்பு மறையும். சில நாளில் மீண்டும் தலைகாட்டும். இல்லத்தரசியர் ஒவ்வொருவரும் வெள்ளிதோறும் கண்டறியும் உண்மை இது. பூஜை அறைச் செம்பும் விளக்கும் தூபக்காலும் அவ்வாறு துலக்கப்படுவதே முறை. ஆனால் அதே பூஜை அறையில், துலக்கக் கூடாத செம்பும் ஒன்று இருக்கக்கூடும். முன்னோர் வைத்துச் சென்ற பழஞ்செம்புக் காசு அது.

தாமிரபரணிக் கரைச் சிற்றூர் ஒன்றில், பொங்கலுக்கு முந்தைய வாரம் ஓர் இல்லத்தில் பூஜை அறையை ஒழுங்கு செய்தார்கள். சுவாமி படங்களுக்குப் பின்னால் இருந்த மரப்பெட்டியின் அடியில், நிறம் மங்கிய மஞ்சள் துணி முடிப்பு ஒன்று அகப்பட்டது. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு எந்தக் காலத்திலோ முடிந்து வைத்த காணிக்கை. எந்தப் பாட்டனார் முடிந்தார், என்ன வேண்டிக்கொண்டார் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவிழ்த்துப் பார்த்தபோது உள்ளே ஒற்றைச் செம்புக் காசு. ஒருபுறம் கரும்பழுப்பு, மறுபுறம் துணி ஒட்டியிருந்த இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. அந்தப் பெட்டியிலேயே, வீட்டுப் பிள்ளை சில ஆண்டுகளுக்கு முன் திருவிழாக் கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கிய 'ராமர் காசு' ஒன்றும் இருந்தது.

முடிப்பை அவிழ்த்த மருமகள் காசைப் புளித்தண்ணீரில் இடப்போனார். அவ்வேளை அங்கே இருந்தவர் மாமனாரின் தம்பி. நாற்பது ஆண்டுகளாகப் பழங்காசு சேர்த்து வருபவர். “கொஞ்சம் பொறு அம்மா. அழுக்கு எது, அதன் மேனி எது என்று தெரிந்துகொண்ட பிறகு கையை வைப்போம்” என்றார்.

விளக்கொளியில் ஒரு தரிசனம்

காசை முகத்திலும் முதுகிலும் தொடாமல், விளிம்பை மட்டும் இரு விரல்களால் பற்றினார். விரலின் வியர்வையில் உப்பும் எண்ணெய்ப் பசையும் உண்டு. செம்பின் மீது அவை பதித்த ரேகை ஆண்டுகள் கழிந்தும் அழியாது. மேசையில் ஒரு துணியை விரித்து, அறையின் மற்ற விளக்குகளை அணைத்து, ஒரே விளக்கின் கீழ்க் காசை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

கருவறையில் நிகழ்வதும் இதுவே. மூலவரின் திருமுக அழகு நேராக விழும் ஒளியில் முழுதும் புலப்படுவதில்லை. அர்ச்சகர் தீபத்தை வலமாகச் சுற்றிக் காட்டும்போது நிழல் நகர்கிறது. புருவமும் இதழும் நெற்றியும் ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. காசிலும் அவ்வாறே. ஒளி பக்கவாட்டில் விழும்போதுதான் மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் தெரியும்.

சாய்த்துப் பார்த்தபோது அது இன்ன காசு என்பது தெளிவாயிற்று. ஒருபுறம் கொடி ஏந்திய இரு சிங்கங்கள் தாங்கிய கேடயம், கீழே 1808 என்ற ஆண்டு. மறுபுறம் பாரசீக எழுத்து, 'பத்து காஷ்' என்ற ஆங்கில மதிப்பு. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்கென இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், மாத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் நீராவி இயந்திரத்தால் அடித்து வரவழைத்த பத்துக் காசு. அந்நாளைய சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். திருமாலின் வராக உருவம் பொறித்த பொன்னால் பெயர்பெற்றது வராகன். அந்தப் பெருமைக்கு முன்னே இந்தக் காசு ஒரு பணத்தில் எட்டில் ஒரு பங்கு. முடிந்து வைத்தவர் செல்வர் அல்லர் என்பதை அதுவே சொல்லிற்று.

கூர்மையும் மேனியும்

பழங்காசின் தரத்தை மதிப்பிடுவோர் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்கின்றனர். பொறித்த உரு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பது முதற்கேள்வி; இதைக் கூர்மை எனலாம். உலோகத்தின் மேற்பரப்பு எந்நிலையில் இருக்கிறது என்பது இரண்டாவது. இதை மேனி எனலாம். பொன்னிலும் வெள்ளியிலும் இவ்விரண்டும் பெரும்பாலும் இணைந்தே செல்லும். செம்போ காற்றோடும் ஈரத்தோடும் உப்போடும் எளிதில் கலக்கும் இயல்பினது. ஆகவே செம்புக் காசில் கூர்மை ஒரு கதையையும் மேனி மற்றொரு கதையையும் சொல்லக்கூடும்.

இதற்கு இந்தப் பத்துக் காசைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. சென்னைக்கு அனுப்பிய இத்தகைய காசுகளை மரப்பீப்பாய்களில் நிரப்பி ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல், 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் உள்ள குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 175 ஆண்டுகள் கழித்து, 1984-இல் அது கண்டறியப்பட்டது. காசுகள் பெருந்தொகையாக மேலே வந்தன. பீப்பாயின் நடுவில் நெருக்கமாக அடுங்கியிருந்தவற்றுள் பல, அச்சிலிருந்து வந்த பொலிவு பெரிதும் குன்றாமல் இருந்தன. கடல்நீர் பட்டவையோ அரிக்கப்பட்டு, பள்ளம் விழுந்து, சில ஒன்றோடொன்று கட்டியாக இறுகிக் கிடந்தன. இவற்றுள் எதுவும் சந்தையில் புழங்கியதில்லை. மனிதக் கையால் தேய்ந்ததும் இல்லை. ஆயினும் ஒன்றன் மேனி பொன்போல இருக்க, மற்றதன் மேனி புற்றுப்போல ஆயிற்று. வேறு கப்பல்களில் வந்து சேர்ந்து, சந்தையிலும் சத்திரத்திலும் உண்டியலிலும் கைமாறிய காசுகளோ உரு தேய்ந்தும் மேனி வழவழப்பாகப் பழுப்பேறி நிற்கின்றன. ஒரே ஆண்டு, ஒரே அச்சுச்சாலை, ஒரே செம்பு. வாழ்வு மட்டும் வேறு.

கூர்மையை மதிப்பிட, காசின் மிக உயர்ந்த மேடுகளை முதலில் நோக்க வேண்டும். தேய்மானம் அங்கேதான் தொடங்கும். பத்துக் காசில் சிங்கங்களின் உடலும் பிடரியும் அத்தகைய இடங்கள். அங்கும் சிறிதும் தேயாமல், சாய்க்கும்போது ஒளி சக்கரம்போல் சுழன்றால் அது புழங்காத காசு. மேடுகள் மட்டும் இலேசாக மழுங்கியிருந்தால் அடுத்த நிலை. பிடரி மயிர் ஒன்றாகக் கலந்து, கொடிகளும் எழுத்துகளும் தெளிவாக இருப்பின் நடுத்தரம். சிங்கங்கள் வெறும் வரிவடிவாகி, ஆண்டு மட்டும் படிக்கும்படி இருந்தால் தாழ்ந்த நிலைகளுள் ஒன்று. அதனைச் சேகரிப்போர் மரியாதையாக 'நன்று' என்றே குறிப்பர். இந்நிலைகளுக்கு 1 முதல் 70 வரை எண் கொடுக்கும் முறையை 1949-இல் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் வகுத்தார். அதுவும் அந்நாட்டின் பழைய பெரிய செம்புக் காசுகளுக்காக ஏற்பட்டதே. பின்னர்தான் மற்ற உலோகங்களுக்கும் பரவியது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உரு மங்கியிருப்பதெல்லாம் தேய்மானம் ஆகாது. அச்சு சரியாக அழுந்தாமையால் பிறவியிலேயே உரு எழாத காசும் உண்டு. தேய்ந்த இடம் மழமழப்பாக, சுற்றுப்புறத்தினும் நிறம் மாறித் தோன்றும். அச்சு அழுந்தாத இடத்தில் பரப்பின் இயல்பான தன்மை அப்படியே இருக்கும். பிறவிக் குறையையும் வாழ்வின் தேய்வையும் ஒன்றாக எண்ணுவது தவறு.

அடுத்தது மேனி. புதுச் செம்பு இளஞ்சிவப்பு கலந்த செம்மஞ்சள். காற்றுப்பட்ட செம்பு காலப்போக்கில் செம்பழுப்பாகி, பின்னர் கரும்பழுப்பாகும். எங்கும் ஒரே சீராக, வழவழப்பாகப் படர்ந்த பழுப்பு குறையன்று. அது செம்பு தானே தனக்கு அணிந்துகொண்ட கவசம். மண்ணில் நெடுங்காலம் கிடந்த காசில், பளிங்குபோல் கெட்டியாக, நகத்தால் கீறினாலும் உதிராமல் படியும் கரும்பச்சையும் அத்தகையதே. எளிதில் உதிரும் வெளிர்பச்சைத் தூள்தான் நோய். உப்பில் உள்ள குளோரின் செம்போடு கூடி, ஈரம் கிடைக்குந்தோறும் உள்ளே அமிலத்தை உண்டாக்கி, மேலும் மேலும் செம்பைத் தின்னும். பச்சைப் பொடி உதிர்ந்த இடத்தில் பள்ளம் தெரியும்.

இவற்றோடு கீறல், விளிம்பில் நசுங்கல், துளை ஆகியவற்றையும் கணக்கிட வேண்டும். குழந்தையின் அரைஞாணில் கோப்பதற்கென்று துளையிட்ட காசுகள் பல. கூர்மைக்கு ஒரு நிலை கொடுத்து, மேனியின் குறைகளுக்கு ஏற்ப அதனைக் குறைத்து, எஞ்சிய நிலையையே நிகர நிலையாகக் கொள்வது பழஞ்செம்பு சேகரிப்போர் பலரது வழக்கம். கூர்மையில் உயர்ந்த காசு மேனியால் தாழ்வதும் உண்டு. மிகத் தேய்ந்த காசு மேனி நலத்தால் விரும்பப்படுவதும் உண்டு.

புளி செய்வது என்ன?

புளியின் புளிப்பு, செம்பின் மேலுள்ள பழுப்பைக் கரைத்துவிடுகிறது. எஞ்சுவது கவசம் இழந்த செம்பு. முதல் நாள் அது பளபளக்கும். ஆனால் அந்த இளஞ்சிவப்பு, அச்சுச்சாலைப் பொலிவு அன்று. அச்சின் அழுத்தத்தில் உலோகம் நகர்ந்ததால் எழுந்த மெல்லிய வரிகளே அப்பொலிவைத் தந்தவை. அமிலம் அவ்வரிகளையும் அரித்துவிடும். பின்னர் அந்தப் பரப்பு திட்டுத் திட்டாகக் கறுக்கும். புளியோடு உப்பையும் சேர்ப்போர், காப்பாற்ற எண்ணிய காசுக்கு நோயின் விதையையே ஊன்றுகின்றனர். திருநீற்றாலும் சாம்பலாலும் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஒரே திசையில் விழுந்து, ஒளியில் சாய்த்த கணமே காட்டிக்கொடுத்துவிடும். இவ்வாறு துலக்கிய காசைத் தேர்ந்தவர் ஒரு நொடியில் அறிவார். இழந்த மேனியை எவராலும் திரும்பத் தர இயலாது.

“அப்படியானால் பூஜையில் வைத்துவிட்டுத் தீட்டாமல் விடலாமா, மாமா? அழுக்கோடு சுவாமி முன்னால் வைப்பது தவறில்லையா?” என்று மருமகள் கேட்டார்.

அதற்கு அவர் கோயிலையே சான்று காட்டினார். திருவரங்கத்தில் பள்ளிகொண்ட மூலவர் சுதையால் ஆனவர். அவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்பே உண்டு. திருமஞ்சனம் கண்டருள்பவர் உற்சவரான நம்பெருமாள். மூலவருக்கு நீராட்டு இல்லாமை பக்திக் குறைவால் அன்று. அத்திருமேனியின் இயல்பறிந்து காப்பதே அங்கே பக்தி. அதுபோலப் பழங்காசைச் சிறு கண்ணாடிப் பேழையில் வைத்து, சந்தனமும் குங்குமமும் பேழைக்கு இடலாம். பாலும் பன்னீரும் அபிஷேகம் செய்ய விரும்பினால், இன்று புழங்கும் காசு ஒன்றை முன்வைத்துச் செய்யலாம்.

மண்ணும் பசையும் படிந்த காசுக்குக் காய்ச்சி வடித்த நீர் போதும். அதில் சில நாள் ஊறவிட்டு, நாள்தோறும் நீரை மாற்றி, பின்னர் தேய்க்காமல் ஒற்றியெடுத்து நன்கு உலர்த்த வேண்டும். வெளிர்பச்சைத் தூள் இருப்பின் மற்றக் காசுகளிலிருந்து பிரித்து, ஈரம் அண்டாத இடத்தில் வைத்து, அருங்காட்சியகத்தார் போன்ற தேர்ந்தவரிடம் காட்டுதல் நலம். மஞ்சள் தோய்த்த ஈரத்துணியும், நாளடைவில் பிசுபிசுக்கும் மலிவான பிளாஸ்டிக் உறையும் செம்புக்கு ஆகா.

ராமர் காசு

இறுதியாக, பிள்ளை வாங்கிய காசைக் கையில் எடுத்தார். ஒருபுறம் சீதாராமர், இலக்குவன், அனுமன். மறுபுறம் 'கிழக்கிந்தியக் கம்பெனி, 1818' என்ற எழுத்து. வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும் என்று சொல்லி விற்றிருந்தார்கள்.

தெய்வ உருவம் பொறித்த பழங்காசுகள் பொய்யல்ல. கிருஷ்ணதேவராயர் பாலகிருஷ்ணன் உருவத்தோடு பொற்காசு வெளியிட்டார். கம்பெனியாரே திருமாலும் தேவியரும் நின்ற வராகனை, 'மூன்று சுவாமி வராகன்' என்ற பெயர் வழங்கும்படி, சென்னையில் வெளியிட்டனர். கோபுரமும் தாமரையில் எழும் திருமாலும் பொறித்த வெள்ளிக் காசும் அவர்கள் அடித்தனர். இந்த உண்மையின் நிழலில் ஒதுங்கித்தான் அந்தப் பொய் பிழைக்கிறது. 1818 என்று பொறித்து ராமபிரானின் உருவோடு கம்பெனியார் செம்புக் காசு எதுவும் வெளியிட்டதில்லை.

மேனியே அதையும் சொல்லிற்று. உண்மைக் காசில் மேடு முதலில் தேயும். பள்ளத்தில் கூர்மை எஞ்சும். அந்தக் காசிலோ மேடும் பள்ளமும் ஒன்றுபோல மழுங்கியிருந்தன. பழமை தோன்றப் பள்ளங்களில் பூசிய கருமை, ஈரப் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது. விளிம்பில் வார்ப்பின் பொருத்துக்கோடு இருந்தது. அரிசியை இழுக்கும் செம்பு, கோடிக்கணக்கில் விலைபோகும் காசு என்றெல்லாம் சொல்லி எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைப் பறிப்போர் நம்பியிருப்பது, கையில் உள்ளதைப் பொறுமையாகப் பார்க்கத் தெரியாத நம் அவசரத்தையே.

பிள்ளையின் முகம் வாடியது. பெரியவர் காசை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “இதில் உள்ள ராமர் பொய்யில்லை, அப்பா, இதில் உள்ள ஆண்டுதான் பொய். சுவாமியாக எண்ணிப் பூஜையிலே வை. சொத்தாக எண்ணி யாருக்கும் விற்றுவிடாதே” என்றார்.

முடிந்தவர் சொல்

பத்துக் காசின் மதிப்பீடு எளிதாகவே முடிந்தது. கூர்மை 'நன்று', சிங்கங்கள் வரிவடிவாக நின்றன, ஆண்டு தெளிவு. ஒருபுறம் மேனி சீரான பழுப்பு. மறுபுறம் துணியின் ஈரத்தால் அரிப்பும் பள்ளமும்; ஆதலால் நிகர நிலை அதற்கும் கீழே. கடலிலிருந்து அத்தனை காசுகள் மீண்டபின், இத்தகைய ஒன்றுக்குச் சந்தையில் பெரிய விலை இல்லை.

“விலை இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்?” என்று பிள்ளை கேட்டார்.

“அதையேதான் செய்திருப்போம். இது நம் காசு இல்லை. சுவாமிக்கு என்று ஒருவர் சொன்ன சொல், இத்தனை தலைமுறையாக நம் வீட்டில் காத்திருக்கிறது” என்றார் பெரியவர்.

காசைப் படம் பிடித்து, எடையும் ஆண்டும் குறித்து வீட்டு ஏட்டில் எழுதிவைத்தார்கள். புளி தொடவில்லை, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து உலர்த்தியதோடு சரி. பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்குப் புறப்படும் காலையில், புதிய மஞ்சள் துணியில் அந்தக் காசையும், அதனோடு வீட்டில் உள்ளோர் ஒவ்வொருவர் பெயராலும் ஒரு காசையும் மருமகள் முடிந்தார். சந்நிதியில் முடிப்பு உண்டியலில் விழுந்தபோது, பாட்டனார் என்ன வேண்டிக்கொண்டார் என்பது அப்போதும் ஒருவருக்கும் தெரியாது. அவர் சொல் மட்டும் தேயாமல், களிம்பேறாமல், போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.